முதல் கேமரா: லென்ஸை முடிவு செய்தபின் பாடி

டிசம்பர் போனஸ் கைக்கு வந்ததும், தைப்பூசக் காவடிக்குள் ஒரு கேமரா வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் மொரிசியஸில் நிறைய. கடைக்குப் போகுமுன் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கேனானா, நிக்கானா, சோனியா? அதற்கடுத்து, எத்தனை மெகாபிக்சல்? இந்த இரண்டில் எதுவும் படத்தின் தரத்தைப் பெரிதாக மாற்றப்போவதில்லை. ஏ3 அளவுத் தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சடிக்கப் பதினேழரை மெகாபிக்சல் போதும். இன்று கடையில் கிடைக்கும் ஆரம்பநிலை பாடிகள் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) 20 முதல் 26 மெகாபிக்சல் தருகின்றன. பத்து வருடப் பழைய பாடியிலும் 24 இருக்கும். அதில் தேட ஒன்றுமில்லை.

தேட வேண்டியது லென்ஸை. என்ன படம் எடுக்கப் போகிறோம், அங்கே எவ்வளவு வெளிச்சம், எத்தனை மீட்டர் தள்ளி நிற்க முடியும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். பிறகு அந்த லென்ஸ் பொருந்துகிற பாடிகளில் கைக்கு அடக்கமானதை எடுத்தால் போதும். பணத்தைப் பிரிக்கும்போது பாதிக்குமேல் பாடிக்குக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை லென்ஸுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மெமரி கார்டு, இரண்டாவது பேட்டரி, ஈரம் புகாத பெட்டி எல்லாம் மிச்சத்தில் அடங்க வேண்டும். முழுப் பணத்தையும் பாடியில் போட்டுவிட்டு, கூட வந்த கிட் லென்ஸோடு இரண்டு வருடம் ஓட்டுபவர்கள்தான் “ஃபோனே பரவாயில்லை” என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

ஃபோன் உண்மையிலேயே பரவாயில்லைதான், பகல் வெளிச்சத்தில். ஷமரெல் ஏழு வண்ண மண், பாம்ப்ளமூஸ் தோட்டத்து அல்லிக்குளம், லெ மோர்ன் மலை என்று வெயிலில் அசையாமல் இருப்பவற்றை மட்டுமே எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேமரா வாங்கும் பணத்தைச் சேமிக்கலாம். கேமரா தேவைப்படுவது வெளிச்சம் குறைந்து, எதிரே இருப்பவரும் அசையும்போது. அல்லது எட்ட முடியாத தூரத்தில் பறவை இருக்கும்போது. கோயில் மண்டபம், தீமிதி, திருமண மேடை, வீட்டுக்குள் ஓடும் குழந்தை எல்லாம் முதல் வகை.

அந்த வகையில்தான் கிட் லென்ஸ் கைவிடுகிறது. 18-55 மி.மீ. மாதிரியான கிட் லென்ஸில் பெரிதாக்கிப் பார்க்கும் முனையில் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை, அதாவது மிரர்லெஸ், கேமராக்களின் கிட் லென்ஸ்கள் சிலவற்றில் எஃப் 6.3தான். ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ், எஃப் 5.6ஐ விட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கைலாசம் கோயில் மாதிரி ஒரு மண்டபத்தில், அனுமதி கேட்டு, விளக்கொளியில் ஒருவரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 1/125 நொடிக்குக் கிட் லென்ஸ் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 6400 கேட்கிற இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் 640 கேட்கும். முதல் படத்தில் முகத்துத் தோல் மணல் தூவியதுபோல் இருக்கும். இரண்டாவதில் நெற்றியில் திருநீற்றுக் கோடு தெளிவாகத் தெரியும். இந்த வித்தியாசத்தை எந்தப் புதிய பாடியும் தனியாகத் தராது.

லென்ஸிலோ பாடியிலோ இருக்கும் அதிர்வுத் தடுப்பு இதற்கு மாற்று என்று கடையில் சொல்வார்கள். உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் அது சரிசெய்யும். எதிரே நடப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. தீமிதியில் தணல் மேல் நடப்பவர் வேகமாகக் கடப்பார். ஷட்டர் 1/250 நொடியை விட மெதுவானால் கால்கள் கலங்கிவிடும். அங்கே உதவுவது திறந்த அப்பர்ச்சர் மட்டுமே.

அடுத்தது தூரம். முதல் பிரைம் லென்ஸ் என்றாலே 50 மி.மீ. வாங்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஃபுல் ஃப்ரேம் கேமரா காலத்து அறிவுரை அது. ஆரம்பநிலை கேமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் (படம் பதியும் தகடு). 36க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேமுக்குப் பதிலாக இது சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. அதனால் அதே லென்ஸ் குறுகலாகப் பார்க்கும். காவடியோடு சேர்த்து ஒருவரின் உயரம் இரண்டரை மீட்டர் என்று கொள்வோம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, மயிலிறகு உச்சியிலிருந்து பாதம் வரை முழுதாக வர, 50 மி.மீ. லென்ஸோடு ஐந்தே கால் மீட்டர் பின்னால் போக வேண்டும். காவடி ஊர்வலத்தில் ஐந்தே கால் மீட்டர் இடைவெளி கிடைக்காது. நடுவில் சொம்போடு வருபவர்கள், குடை பிடிப்பவர்கள், தண்ணீர் தெளிப்பவர்கள், உறவுக்காரர்கள் என்று நான்கு வரிசை நிற்கும். 35 மி.மீ. என்றால் 3.7 மீட்டர். 24 மி.மீ. என்றால் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஊர்வலத்தில் வேலை செய்யக்கூடிய தூரம் இந்த இரண்டுதான். 50 மி.மீ. கெட்ட லென்ஸ் இல்லை. தோளுக்கு மேல் முகம் எடுக்க அருமையானது. முதல் லென்ஸாகத்தான் அது பொருந்தாது.

உள்ளே கண்ணாடியுள்ள பழைய வகையான நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி, நிக்கான் இசட் பாடிகளுக்கு டிஎக்ஸ் 24 எஃப் 1.7, சோனி, ஃபியூஜி, நிக்கான் இசட் ஆகியவற்றுக்கும் கேனான் ஆர்எஃப் பாடிகளுக்கும் சிக்மா 30 எஃப் 1.4. இவற்றில் ஒன்று கையில் இருந்தால் வீட்டு விசேஷமும் கோயிலும் அடங்கும். கேனான் ஆர்எஃப் வரிசையில் மலிவான எஃப் 1.8 என்றால் 50 மி.மீ.தான் முன்னால் வந்து நிற்கும். இடம் நெருக்கடி என்பவர்கள் அதைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

பறவைதான் ஆசை என்றால் கணக்கே வேறு. பிளாக் ரிவர் பள்ளத்தாக்கில் நீள வால் கடற்பறவையான பயாங்கே பறப்பதையோ, இல் ஓ ஐக்ரெத் தீவில் இளஞ்சிவப்புப் புறாவையோ எடுக்க 300 மி.மீ.யாவது வேண்டும். புறா நிழலுக்குள் உட்காரும், மொரிசியஸ் வல்லூறு அடர்ந்த காட்டுக்குள் திரியும். 70-300 லென்ஸின் எஃப் 6.3 அங்கே திணறும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். பழகுவதற்கு பயாங்கேதான் நல்ல தொடக்கம்: வெளிறிய உடல், திறந்த வானம், 1/1600 நொடி.

உச்சி வெயில்

தைப்பூசம் வரும் ஜனவரி இறுதி, பிப்ரவரி தொடக்க நாட்களில் இந்தத் தீவில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். நாம் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம், சூரியனும் அந்த வாரங்களில் அந்த அட்சரேகையை ஒட்டியே நகர்கிறது. விளைவு, கண்குழி இரண்டும் கறுப்பாகி மூக்குநுனி மட்டும் பளீரென்று இருக்கும் முகங்கள். இது கேமரா தேர்வை இரண்டு விதத்தில் பாதிக்கிறது.

ஒன்று, வ்யூஃபைண்டர். இந்த வெயிலில் பின்பக்கத் திரையில் எதுவும் தெரியாது. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10, ஃபியூஜி எக்ஸ்-எம்5 எல்லாம் நல்ல கேமராக்கள்தான், ஆனால் மூன்றிலும் வ்யூஃபைண்டர் கிடையாது. உட்கார்ந்து வீடியோ எடுப்பவருக்கு அது குறையில்லை. கடற்கரையிலும் ஊர்வலத்திலும் நிற்கப் போகிறவருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரம் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு, ஃபிளாஷ். பாடிமேல் எழும் சிறிய ஃபிளாஷ் கண்குழியின் நிழலைக் கொஞ்சம் தளர்த்தும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் ஷட்டர் வேகம் பெரும்பாலான பாடிகளில் 1/200 நொடிக்குமேல் போகாது. வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11. நிக்கான் டி3500இன் ஃபிளாஷ் பலம், அதாவது கைட் நம்பர், சுமார் 7. அதை 11ஆல் வகுத்தால் 0.64 மீட்டர். முழு வெளிச்சம் அந்தத் தூரம் வரைதான். ஒன்றேகால் மீட்டரில் கால் பங்கு எட்டும், நிழலைத் தளர்த்த அது போதும். அதற்கப்பால் பயனில்லை. தூரம் வேண்டுமென்றால் தனி ஃபிளாஷ் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கேனான் ஆர்50இன் மேல்தட்டில் பழைய ஃபிளாஷ்களுக்கான தொடுமுனைகள் இல்லை, தனி அடாப்டர் வாங்க வேண்டும். கேனான் 250டி, 4000டி இரண்டிலும் நடு முனையே இல்லாததால் மாமாவின் பழைய ஃபிளாஷ் கேனானுடையது இல்லையென்றால் மாட்டிக்கொள்ளும், மின்னாது. வீட்டில் ஃபிளாஷ் இருந்தால் கடைக்குக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள்.

கோயில்களில் இப்போது எங்கும் எல்இடி விளக்கு மாலைகள். மொரிசியஸில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும்: மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இருட்டு. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் மறையும். சத்தம் வராதென்று முழு எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் பட்டை மோசமாகும். சில பாடிகளில் மினுக்கல் தடுப்பு உண்டு, மெனுவில் தேடிப் பாருங்கள்.

எந்த பாடி

குறைந்த பணம் என்றால் பழைய நிக்கான் டி3500உம் 35 எஃப் 1.8ஜியும். 2018இல் வந்தது, இப்போது தயாரிப்பில் இல்லை, செகண்ட் ஹேண்டாகத்தான் கிடைக்கும். ஒரு சார்ஜுக்கு 1550 படம் என்பது நிக்கான் தரும் கணக்கு. காவடி நாளில் விடியற்காலையிலிருந்து கோயில் போய்ச் சேரும் வரை ஒரே பேட்டரி தாங்கும். மிரர்லெஸ் பாடிகள் 250 முதல் 400 படம் என்ற அளவிலேயே நிற்கும். இரண்டாவது பேட்டரி கட்டாயம் என்று சொல்வது அதனால்தான். டி3500க்குக் குறையும் உண்டு. பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சென்சார் தூசியை உதறும் வசதி இல்லை. திரை மடங்காது, மைக் மாட்ட வழியில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு கேனான் ஆர்50, நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு, சோனி ஏ6400 மூன்றும் சரியான இடம். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இவற்றில் இருக்கிறது. எஃப் 1.8இல் திறந்து எடுக்கும்போது இதன் அருமை தெரியும். 35 மி.மீ. லென்ஸில், இரண்டு மீட்டர் தூரத்தில், கூர்மையாக வரும் ஆழம் இருபது சென்டிமீட்டர் சொச்சம்தான். காதருகே ஃபோகஸ் விழுந்தால் கன்னத்து அலகும் கண்ணும் மழுங்கத் தொடங்கும். விலை பார்த்து ஆர்100ஐ எடுக்குமுன் அதன் திரை அசையாது, தொடுதிரையும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேனான் எம்50 செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும். ஆனால் அந்த ஈஎஃப்-எம் வரிசையையே கேனான் கைவிட்டுவிட்டது, அதன் லென்ஸ்களை ஆர் பாடிகளில் மாட்டவும் முடியாது. முதல் கேமராவாக அதில் நுழைய வேண்டாம்.

பூஞ்சை

இந்தத் தீவில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கீறலை அல்ல. கண்ணாடிக்குள் வளரும் பூஞ்சையை. காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் அது முளைக்கும். கியூர்பிப், வக்வா மாதிரி மேட்டுநிலத்து மழைச் சாரலில், தோல் பைக்குள் மூடிவைத்த லென்ஸ் அதற்கு நல்ல விளைநிலம்.

சோதிக்கும் முறை இது. லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றுங்கள். முன் மூடி, பின் மூடி இரண்டையும் எடுங்கள். பழைய லென்ஸ் என்றால் பின்னால் இருக்கும் சிறு நெம்பைத் தள்ளி அப்பர்ச்சரை முழுதும் திறக்க முடியும். மின்னணு லென்ஸ்கள் பெரும்பாலும் கழற்றியபின் திறந்தே இருக்கும். ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் பிடியுங்கள், நேராக அல்ல, சாய்வாக. முன்பக்கத்திலிருந்து பார்த்தபடி லென்ஸை மெல்லச் சுழற்றுங்கள். தூசி என்றால் தனித்தனிப் புள்ளிகள். ஐந்தாறு புள்ளி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், படத்தில் தெரியாது. பூஞ்சை என்றால் விளிம்பிலிருந்து உள்நோக்கி நீளும் மெல்லிய இழைகள், கிளை பிரிந்து, சிலந்தி வலை மாதிரி. புகை படிந்ததுபோல் ஒரே சீராக மங்கலாக இருந்தால் அது எண்ணெய் ஆவி அல்லது பசை விட்டுப்போனது. இரண்டில் எது இருந்தாலும் கைவிடுங்கள். பூஞ்சை தன் அமிலத்தால் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. துடைத்தாலும் தழும்பு நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்களில் அது மொத்தப் படத்தையும் வெளுக்க வைக்கும்.

பாடியில் பார்க்க வேண்டியவை வேறு. லென்ஸ் மாட்டும் வளையத்தின் திருகுகளையும் ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளத்தையும் பாருங்கள். பச்சையோ வெண்பொடியோ படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் பட்ட கேமரா அது. பேட்டரிக் கதவைத் திறந்து தொடுமுனைகளையும் அப்படியே பாருங்கள். பிறகு எஃப் 16இல் வெறும் வானத்தை, ஃபோகஸை விலக்கி எடுத்துப் பெரிதாக்குங்கள். மங்கலான கரும்புள்ளிகள் சென்சார் தூசி. சுத்தம் செய்யலாம், அதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மூடி போட்டு, சில நொடி ஷட்டர் திறந்து ஒரு படம் எடுத்தால் பழுதான பிக்சல்கள் நிறப் பொட்டுகளாகத் தெரியும். நிக்கான், சோனி என்றால் கேமராவிலிருந்து நேரே வந்த படக்கோப்பிலேயே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண் இருக்கும். ஆரம்பநிலை பாடிகளில் ஒரு லட்சம்தான் வழக்கமான ஆயுள் அளவு. முப்பதாயிரம் ஓடியது நல்ல பொருள். தொண்ணூறாயிரம் ஓடியதை நல்ல விலையாக இருந்தாலும் விடுங்கள்.

வாங்கியபின் பாதுகாக்கப் பெரிய செலவில்லை. ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத சமையலறை டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் ரப்பரும் கிரீஸும் காயும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும், அப்போது 110-120 டிகிரி அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போகும். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் உடனே நீர் பூக்கும். கிளம்ப அரை மணி முன்பு, மூடிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டே வெளியே வையுங்கள். பைக்கு வெளியே நீர் பூத்து, கேமரா தப்பும்.

கடல் விஷயம் சுருக்கம். தென்கிழக்குக் காற்று எதிரே அடிக்கும் கிரி-கிரி மாதிரி கரைகளில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஆரம்பநிலை பாடிகளுக்கு நீர்த்தடுப்புக் கிடையாது, காற்றில் வரும் உப்புத்துளி போதும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியின் வெளிப்புறத்தை ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பை உலர விட்டுத் துடைத்தால் அதுவே கீறும்.

சென்னைக்குப் புடவை எடுக்கப் போகும்போது கேமராவும் வாங்கி வரலாமா என்பது நம் வீடுகளில் வழக்கமான யோசனை. விலை சாதகமாக இருக்கலாம். ஆனால் இந்தியாவில் விற்கும் கேமராக்களின் வாரண்டி பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. திரும்பும்போது இங்கே 15 சதவீத வாட் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானிலிருந்து மலிவாக வரும் சோனி பாடி என்றால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்க வாய்ப்பு அதிகம், இயக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மெமரி கார்டு 64 ஜிபி, வி30 குறியுள்ளது ஒன்று போதும். போலி கார்டுகள் நிறையப் புழங்குவதால், வாங்கிய அன்றே கணினியில் அதை முழுக்க நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். போலி என்றால் பாதியிலேயே கோப்புகள் கெட்டுப்போகும். கடைக்குத் திருப்பிக் கொடுக்க அந்த ஒரு நாள்தான் வசதி.

ஊர்வலத்துக்குக் கிளம்புமுன் கேமராவில் இவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும்) கோப்பு. அப்பர்ச்சர் முன்னுரிமை. ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/250. மண்டபத்துக்குள் நுழைந்து எல்இடி பட்டை தெரிந்தால் மட்டும் அதை 1/100க்கு இறக்குங்கள். வெயிலில் மஞ்சளும் ரோஸும் உடுத்தியவர்களை எடுக்கும்போது சிவப்பு நிறம் முதலில் நிரம்பி வழிந்து துணி மடிப்பே இல்லாத ஒரே சாயமாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (-0.7) குறைத்து வையுங்கள். இருண்ட முகத்தை ரா கோப்பிலிருந்து பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன துணியை மீட்க வழியில்லை. நிழலுக்குள் வந்ததும் மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்போஷரை மாற்றும் சக்கரம் எந்த விரலுக்குக் கீழே இருக்கிறது என்பதை, கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே திருப்பும் அளவுக்கு, வீட்டு முற்றத்தில் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.